தம்பிலுவிற் சமையலும் நம் விதைநெல்லும்

நெற்செய்கையைப் பற்றிப் பேசுங்கால் நாம் விதை, நீர், பசளை, களை, பீடை, விலை என்பனவற்றையே பேசுகின்றோம். விளைந்த நெல் எவ்வாறு சோறாகின்றது என்பதைப் பெண்களின் காரியமென்று விட்டுவிடுகின்றோம். இது பெருந்தவறு என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. நல்ல விதை எது, அதை எவ்வாறு பேணுவது என்ற அறிவிற் பாதிக்கு மேற்பட்டது நம் ஊர்களில் அடுக்களையிலேதான் இருந்து வந்தது. அவ்வறிவு எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு தேய்ந்தது, எஞ்சியதைக் காப்பதற்கு ஒரு கமக்காரர் செய்யக்கூடியது யாது என்பவற்றைத் தம்பிலுவில் என்னும் ஊரையும், அவ்வூரில் யாம் வளர்ந்த வீட்டையும் கொண்டு கூற முயல்கின்றோம்.

தம்பிலுவில், அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குச் செல்லும் பெருந்தெருவிலே, திருக்கோவிலை அடுத்துள்ள பழைய தமிழ்க் கிராமம். கிழக்கே கடல். கடலையடுத்து மணற்பூமி, அம்மணலில் தென்னையும் வீட்டுத்தோட்டமும். மேற்கே சாகாமக் குளத்தின் திசைநோக்கி விரியும் வயல்வெளி. அம்பாறை மாவட்டம் 1961ஆம் ஆண்டிலே மட்டக்களப்பு மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பெற்றது. ஆயினும் பேச்சிலும் வழிபாட்டிலும் உணவிலும் இவ்வூர் பழைய மட்டக்களப்புத் தேசத்தைச் சேர்ந்ததே.

இத்தேசத்து மக்கள் வழக்கங்களுள் ஒன்றை முதலில் அறிதல் வேண்டும். இங்கு வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு மணம் முடிக்கும்போது வீட்டையும் வளவையும் அவளுக்கே எழுதிக்கொடுப்பர். மருமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வார். தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் இவ்வழக்கம் ஒன்றே. இதனாற் சமையலுக்கு நேர்ந்த நன்மை பெரிது. தாய் சமைத்த அடுப்பிலேயே மகளும் சமைத்தாள். தாய் நட்ட முருங்கையிலேயே மகளும் இலை பறித்தாள். விதை கட்டித் தொங்கவிடப்பட்ட கூரைவளையும் மாறவில்லை. மாமியார் வீட்டுச் சமையலைப் புதிதாகக் கற்கவேண்டிய தேவை இப்பெண்களுக்குப் பெரும்பாலும் ஏற்படாமையால், ஒரு வளவின் கைப்பக்குவம் தலைமுறை தலைமுறையாக அவ்வளவிலேயே நிலைத்தது.

எங்கள் பெத்தாச்சி அவ்வாறான ஒரு வீட்டில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கிணற்று நீரில் உலைவைத்தவர். எழுத்தறியாதவர். ஆனால் ஒரு பிடி அரிசியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்து, அது எந்த நெல்லின் அரிசி, அவித்தபோது நீர் மாற்றப்பட்டதா இல்லையா என்று கூறிவிடுவார். நாம் இன்று ஆய்வுகூடத்தில் வைத்துச் சோதிப்பனவற்றுட் சிலவற்றை அவர் மூக்கினாலேயே சோதித்தார் என்பது மிகையன்று.

மில்லுக்கும் உரலுக்கும்

இலங்கையின் நெல்லாராய்ச்சியிலே 1950களின் பிற்பகுதி மறக்கற்பாலதன்று. பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எச்-4 என்னும் புதிய நெல்லினம் அக்காலத்தில் வெளிவந்தது. அதன் பெற்றோருள் ஒன்று இந்தோனேசியாவிலிருந்து வந்த மாஸ் என்னும் இனம். மற்றையது நம் நாட்டு நெல்லாகிய முருங்கைக்காயனிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட முருங்கைக்காயன் 302. நாடு முழுவதிலும் விளைச்சலை உயர்த்திய அந்நெல்லின் பெற்றோரிலொன்று தமிழ்ப்பெயர் தாங்கி, அதுவும் ஒரு கறிக்காயின் பெயர் தாங்கி நின்றதென்பதை நம்முட் பலர் அறியார். புதிய இனங்கள் பழையனவற்றை ஒழித்தன என்று குறைகூறுவோர், பழையன இல்லாவிடிற் புதியன பிறந்திருக்கமாட்டா என்பதையும் சேர்த்து எண்ணுதல் நன்று.

1960களிலே எங்கள் பெத்தப்பா எச்-4 நெல்லை விரும்பி விதைத்தார். அதில் அவர் செய்தது சரியே. 1940களில் இந்நாடு தனக்கு வேண்டிய அரிசியிற் பாதிக்கு மேற்பட்டதைப் பிறநாடுகளிலிருந்து வாங்கியது என்பதை நினைக்கும்போது, அதிக விளைச்சல் தரும் நெல்லை வெறுத்தொதுக்க எந்தக் கமக்காரருக்கு மனம் வரும்? எனினும் வயலின் மேட்டுப்புறத்திலே ஒரு சிறு வரவையை மட்டும் பெத்தாச்சி விட்டுக்கொடுக்கவில்லை. அதிற் பச்சைப்பெருமாளே விதைக்கப்படல் வேண்டுமென்று நின்றார். அவ்வரவையையும் எச்-4க்கு மாற்றினால் இன்னும் சில புசல் கிடைக்குமென்று பெத்தப்பா ஆண்டுதோறும் கணக்குக் காட்டுவாராம். அதற்குப் பெத்தாச்சி கூறிய மறுமொழி எங்கள் குடும்பத்தில் இன்றும் பேசப்படுகின்றது: “ஒங்கட நெல்லு மில்லுக்கு. என்ட நெல்லு உரலுக்கு.”

இதிற் பிடிவாதம் உண்டு, காரணமும் உண்டு. பச்சைப்பெருமாள் ஏறத்தாழ மூன்றரை மாதத்தில் விளையும் சிவப்பரிசி நெல். தாள் உயரமானது, உரம் மிகுந்தாற் சாய்ந்துவிடும், விளைச்சல் குறைவு. ஆனால் இடித்த மாவு பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் ஏற்றது. வைகாசியிற் கண்ணகையம்மன் கோயிற் சடங்குக்குப் பொங்குவதற்கும், அறுவடை முடிந்து புதிர் உண்ணும் நாளிற் பால்விட்டுச் சமைப்பதற்கும் அவர் வேறரிசியைத் தொடமாட்டார். இத்தேசத்து அம்மன் கோயில்களிற் பெண்கள் கூடி நெற்குற்றுவதும் சடங்கின் ஒரு பகுதியாக உள்ளதெனின், உரலுக்கேற்ற நெல்லுக்கு இம்மக்கள் கொடுத்த மதிப்பு விளங்கும்.

நாட்சோற்றுக்கு எச்-4 நெல்லையே அவித்தனர். நெல்லை ஓர் இரவும் மறுநாட் பகலும் ஊறவைத்து, இடையில் ஒருமுறை நீரை மாற்றி, உமி வாய்பிளக்கும்வரை அவித்துப் பாயிற் பரப்பி, முதல் வெயிலுக்கும் பின் நிழலுக்குமாக உலர்த்துவர். நீர் மாற்றாவிடிற் சோற்றில் ஊறல்வாடை தங்கும். அவிக்கும்போது தவிட்டுத்தோலிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசியின் உட்புறத்துக்குச் செல்கின்றது. ஆதலின் தீட்டியபின்னும் அதில் நல்ல பங்கு எஞ்சும். பச்சரிசியை வெண்மையாகத் தீட்டி உண்ட இடங்களில் பெரிபெரி நோய் வருத்தியதும், புழுங்கலரிசி உண்டோரை அது அத்துணை வருத்தாமையும் இக்காரணம் பற்றியே.

பிட்டும் தேங்காய்ப்பூவும்

தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையோரத்தைப் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று சொல்வது வழக்கம். இவ்வுவமையைப் பேசுவோர் எல்லோரும் பிட்டு அவித்தவரல்லர் என்பது எம் ஐயம். குழலில் ஒரு பிடி தேங்காய்ப்பூ, அதன்மேல் மா, மீண்டும் தேங்காய்ப்பூ, மீண்டும் மா என்று இடுவர். கல்முனையிலிருந்து தெற்கே வருபவர், பெருந்தெருவின் இருமருங்கும் இவ்வடுக்கையே காண்பர்: கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பட்டை, தம்பிலுவில். ஒன்று முஸ்லிம் ஊர், ஒன்று தமிழூர், சிலவிடத்து இரண்டும் கலந்தன.

பிட்டிற் பக்குவம் முழுவதும் மாவில் உள்ளது. அரிசியைச் சிறிதுநேரம் ஊறவைத்து, நீர்வடித்து, இடித்து அரித்து, மணம் வரும்வரை வறுத்தல் வேண்டும். நிறம் மாறவிடலாகாது. உப்பிட்ட கொதிநீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து விரல் நுனியாற் பிசறி, உருண்டைகள் கடுகளவாகும்வரை கொத்துவர். நீர் மிகின் களியாகும். குறையின் தொண்டையில் அடைக்கும். வறட்சிக் காலத்திற் சேனையில் விளைந்த குரக்கனை அரிசிமாவோடு கலந்தும் இவ்வாறே அவித்தனர். இதற்குத் துணையாவது பாலாணம், அல்லது களப்பு மீன் குழம்பு, அல்லது எருமைத்தயிரும் வாழைப்பழமும். மட்டக்களப்பு எருமைத்தயிரின் பெருமையை இங்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எங்கள் வயலுக்கு அடுத்த வரம்பு அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஒரு காக்காவுடையது. வக்கடை திறப்பதில் இரு வீட்டாருக்கும் சில வேளை சொற்போர் நிகழ்ந்ததுண்டு. ஆயினும் புதிர்ச்சோறு எங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்குப் போகும். பெருநாளன்று அவர் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வரும். தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து அவித்த அப்பண்டத்துக்காகச் சிறுவராகிய நாங்கள் பிறை பார்த்த கதை தனிக்கதை. அறுவடை முடிந்ததும் காக்கா களத்திலேயே ஸக்காத் பங்கைப் பிரித்துவைப்பார். மழையால் விளைந்ததாயிற் பத்திலொன்று; இறைத்தோ செலவிட்டோ நீர்பாய்ச்சி விளைந்ததாயின் இருபதிலொன்று. உழைப்பும் செலவும் மிகுந்த விளைவுக்குப் பங்கு குறைவு என்னும் அக்கணக்கைப் பெத்தப்பா வெகுவாகப் பாராட்டுவார். காக்காவின் மனைவியை நாங்கள் ராத்தா என்று அழைத்தோம். அவரும் பெத்தாச்சியும் கண்டபொழுதெல்லாம் விதை மாற்றிக்கொள்வர். இச்செய்தி பின்னர் வேண்டப்படும். ஆதலின் இங்கே குறித்தோம்.

வயலிலிருந்து வந்த கறி

கறிக்கெனத் தனியே பயிரிடப்படாத பலவற்றை எங்கள் அடுக்களை அறிந்திருந்தது. ஈரநிலத்தில் ஆரைக்கீரையும் வல்லாரையும், வரம்போரத்திற் பொன்னாங்கண்ணியும், வேலியில் முசுட்டையும் குறிஞ்சாவும் கிடைக்கும். ஆரையம்பதி என்னும் ஊர்ப்பெயரே ஆரைக்கீரையால் வந்ததென்பர். இலையை மெல்லிதாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய் சேர்த்து, மண்சட்டியில் ஒரு புரட்டுப் புரட்டி இறக்குவது சுண்டல். இறக்கியபின்னரே தேசிப்புளி விடுதல் வேண்டும். அடுப்பிலிருக்கும்போது விட்டால் இலையின் பச்சைநிறம் மங்கும். குறிஞ்சா கசக்கும், சிறுவர் உண்ணார். முசுட்டை இலையோ இன்று சந்தையிற் கட்டொன்று என்ன விலையென்று கேட்டறிந்தால், வேலியை வெட்டிக் கம்பி அடித்தவர்கள் வருந்துவர்.

களைநாசினி தெளிக்கப்பட்ட வயலிலும் வரம்பிலும் இக்கீரைகளைப் பறித்து உண்ணலாகாது. இதனை வற்புறுத்திக் கூறுகின்றோம். பழைய உணவென்று எண்ணிப் புதிய நஞ்சை உண்பது அறிவன்று. கீரைக்கென்று வீட்டுவளவிலே கிணற்றடியில் ஓரிடம் ஒதுக்குவதே தகும்.

மூன்று பஞ்சகாலங்கள்

பெத்தாச்சி இரண்டு உணவுத்தட்டுப்பாடுகளைக் கண்டவர். யாம் இரண்டைக் கண்டோம். அவற்றுள் ஒன்று இருவர்க்கும் பொது.

முதலாவது 1942. யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது; இலங்கையிற் பங்கீடு வந்தது. கோதுமை மா எங்கள் ஊர் அடுக்களைகளுக்குள் வலுவாகப் புகுந்தது அக்காலத்திலேயே என்று பெத்தாச்சி கூறுவார். கோதுமை மாவை வறுத்தும் அவித்தும் பிட்டாக்கப் பழகியதும் அப்போதேயாம்.

இரண்டாவது 1973, 1974ஆம் ஆண்டுகள். இறக்குமதி சுருங்கியது, உலகச் சந்தையில் விலை ஏறியது, அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லவும் கட்டுப்பாடு இருந்தது. எமக்கு அப்பொழுது பதினொரு வயது. காலையில் மரவள்ளிக்கிழங்கும் சம்பலும், இரவில் மரவள்ளிமாப் பிட்டும் உண்டோம். ஒல்லாந்தர் காலத்தின் இறுதியில், 1786ஆம் ஆண்டளவில், இந்நாட்டுக்கு வந்ததெனப்படும் இக்கிழங்கு அவ்வாண்டுகளில் எத்தனை குடும்பங்களைக் காத்தது! கிழங்கைத் தோலுரித்து, துண்டாக்கி, மூடாத பானையில் நிறைந்த நீரில் அவித்து, அந்நீரை வடித்துவிடுதல் வேண்டும் என்பதில் பெத்தாச்சி மிகக் கண்டிப்பானவர். கிழங்கிலுள்ள நஞ்சு அவ்வாறே நீங்கும் என்பது இன்று ஆராய்ச்சியாளரும் ஒப்புவது. மரவள்ளியுண்ட அன்று இஞ்சி தின்னலாகாதென்றும் அவர் தடுத்தார்.

மூன்றாவது அண்மையது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீங்கியது. இடையில் விதைக்கப்பட்ட பெரும்போகம் பெரிதும் குன்றியது. 2022இல் அந்நியச் செலாவணி வறண்டு, எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். எங்கள் ஊரிற் பல வீடுகளில் விறகடுப்பு மீண்டும் மூட்டப்பட்டது. அப்பொழுது ஒன்று தெரிந்தது. மரவள்ளித்தடி நட அறிந்த கைகளும், குரக்கன்மா பிசைய அறிந்த கைகளும் இருந்த வீடுகள் அதிகம் கலங்கவில்லை. அரிசியைக் கடையிலும் காய்கறியைச் சந்தையிலும் வாங்கி வந்த கமக்காரர் வீடுகள் கலங்கின.

கமக்காரர் வீட்டிலா கடையரிசி என்று வியப்போர் இருக்கலாம். அறுவடையைப் பொறி செய்கின்றது. நெல் ஈரத்துடனேயே வயலோரத்தில் வியாபாரியின் சாக்குக்குள் செல்கின்றது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து உலர்த்தி அவிக்க ஆளுமில்லை, இடமுமில்லை. கடனும் காத்திருக்கின்றது. ஆகவே தாம் விளைத்த நெல்லைத் தாமே உண்ணாத கமக்காரர் தொகை இக்கரையிற் பெருகிவிட்டது. யாரையும் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. எங்கள் வீட்டிலும் நிகழ்ந்தது இதுவே. பெத்தாச்சிக்குப்பின் அவ்வரவையிற் பச்சைப்பெருமாள் விதைக்கப்படவில்லை. அந்த நெல் எங்கள் வீட்டை விட்டு எந்த ஆண்டு போயிற்று என்பதைக்கூட எவரும் குறித்துவைக்கவில்லை.

கடல் கொண்டதும் திரும்பி வந்ததும்

2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோள் அம்பாறைக் கரையைத் தாக்கியது. இம்மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் உயிரிழந்தனர். இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் இத்துணை உயிர்ச்சேதம் இல்லை. எங்கள் ஊர்க்கரையிலும் உயிர்களும் வீடுகளும் போயின. எங்கள் வளவிற் கிணறு உப்பாயிற்று. முருங்கை பட்டது. கூரைவளையில் தொங்கிய விதைமுடிச்சுகளும் சாம்பலிட்ட சட்டிகளும் இருந்த இடம் தெரியவில்லை. அடுத்தடுத்த மாரிமழைகள் மணலிலிருந்து உப்பைக் கழுவின. இரண்டாம் மாரிக்குப்பின் கிணற்றுநீர் வாயில் வைக்கக்கூடியதாயிற்று. ஆனால் நடுவதற்குப் பழைய விதையொன்றும் இல்லை.

கலவர ஆண்டுகளிலே இரு ஊருக்குமிடையிற் போக்குவரவு குன்றி, பெருநாட் பண்டமும் புதிர்ச்சோறும் நின்றுபோயிருந்தன. அப்படியிருந்தும் கடற்கோளுக்கு அடுத்த ஆண்டு ராத்தா தம் பேரன் கையில் ஒரு பழைய பால்மாத் தகரத்தை அனுப்பினார். அதனுள் மூன்று காகிதச் சுருள்கள்: முள்ளுக்கத்தரி, பயற்றை, பூசணி. “இது உங்க பெத்தாச்சி தந்தது” என்பது மட்டுமே செய்தி. இருபது ஆண்டுகளாக அவர் தம் வளவில் அவற்றை விதைத்து விதைத்துக் காத்திருக்கின்றார்.

கத்தரியும் பயற்றையும் பெத்தாச்சியின் கைவிதையாகவே முளைத்துக் காய்த்தன. எங்கள் தாயார் அக்கத்தரிக்காயைப் பாற்கறியாக்கி வாயில் வைத்ததும் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார். பூசணி மட்டும் மாறிவிட்டிருந்தது; பெத்தாச்சியின் பூசணி தட்டையானது, இது நீண்டது. இதற்குக் காரணம் எளிது. பயற்றை தன் பூவிலேயே தான் கருவுறும். கத்தரியும் பெரும்பாலும் அவ்வாறே. பூசணியின் ஆண்பூவும் பெண்பூவும் வேறு. தேனீ அயல்வளவுப் பூசணியின் மகரந்தத்தைக் கொணர்ந்து சேர்க்கும். பூசணி விதையைத் தூய்மையாகக் காக்க விரும்புவோர், மறுநாள் விரியவிருக்கும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் மாலையிலேயே நூலாற் கட்டிவைத்து, காலையில் அவிழ்த்து, ஆண்பூவைப் பெண்பூவின் முடியில் தடவி, மீண்டும் கட்டிவிடல் வேண்டும். அக்காய்க்கு அடையாளமிட்டு முற்றவிட்டு விதை எடுக்கலாம்.

ஒரு வரவை போதும்

நெல்லின் செய்தி இதனிலும் எளிது. நெல் தன்மகரந்தச் சேர்க்கையுடையது. அயல் வரவையிலிருந்து மூன்று மீற்றர் இடைவெளி விட்டாற் கலப்புப் பெரிதும் நேராது. நாட்டின் பழைய நெல்லினங்களின் விதைகள் கன்னொறுவையிலுள்ள தாவர மரபுரிமை வள நிலையத்திற் குளிரறைகளிற் காக்கப்படுகின்றன. சில ஊர்களில் அவற்றை இன்றும் பயிரிடுவோரும் உளர். விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி, விதை பெறும் வழியைக் கேட்டறிதல் வேண்டும்.

வயல் முழுவதையும் பழைய நெல்லுக்கு மாற்றுமாறு நாம் கூறவில்லை. அவ்வாறு செய்பவர் கடனில் விழுவர். எட்டிலொரு ஏக்கர், அதாவது இருபது பேர்ச் நிலம் போதும். அதற்கு விதைநெல் காற்புசல் வேண்டும். விளைச்சலை ஏக்கருக்கு முப்பது புசலென்று குறைவாகவே கொண்டாலும் அந்நிலத்திலிருந்து நான்கு புசலுக்குச் சற்றுக் குறைய நெல் கிடைக்கும். அது ஏறத்தாழ ஐம்பது கிலோ அரிசி. ஒரு குடும்பத்தின் பிட்டுக்கும் பொங்கலுக்கும் கஞ்சிக்கும் இது ஓராண்டு போதும். நோன்பு காலத்தில் நாளும் கஞ்சி காய்ச்சும் வீடுகள் இன்னும் ஒரு வரவை கூட்டிக்கொள்க.

மேட்டுவரவையைத் தேர்ந்தெடுக்க. யூரியாவை மிகக் குறைத்திடுக. உயரத்தாள் நெல் சாய்வதற்கு முதற்காரணம் மிகுந்த யூரியாவே. கதிர் வெளிவந்த பின்னரும், அறுப்பதற்கு முன்னரும் வரவையை இருமுறை நடந்து பார்த்து, உயரத்திலோ நிறத்திலோ வேறுபட்டவற்றைப் பிடுங்கி அகற்றுக. விதைக்குரியதைப் பொறிக்கு விடாது கையால் அறுத்துத் தனியே அடித்தல் வேண்டும். பொறியில் முன்னைய வயலின் மணிகள் தங்கியிருக்கும். ஈரம் நூற்றுக்குப் பதின்மூன்றளவாகக் குறையும்வரை உலர்த்துக. பல்லிடையிற் கடிக்கும்போது மணி நசுங்காது சடக்கென முறியின் ஏறத்தாழ அப்பதமென்று கொள்ளலாம். சூடு ஆறிய பின்னரே காற்றுப்புகாத கலத்தில் இட்டு மூடவேண்டும். விதைப்பதற்கு இரு வாரம் முன் நூறு மணிகளை ஈரத்துணியிற் சுற்றிவைத்துப் பார்த்து, எண்பத்தைந்துக்குக் குறையாமல் முளைத்தால் விதைக்கலாம்.

கலத்தின் மேல் நெல்லின் பெயர், அறுத்த போகம், யாரிடமிருந்து பெற்றது என்னும் மூன்றையும் எழுதி ஒட்டுக. அடுக்களையில் அந்நெல்லை எதற்குப் பயன்படுத்துவர் என்பதை வீட்டிலுள்ள மூத்த பெண்மணியிடம் கேட்டு நான்காவதாக எழுதிக்கொள்க. எங்கள் வீட்டுக் கலத்தில் இப்போது அவ்வரி எழுதப்படவில்லை. கேட்பதற்கு எங்களுக்கு ஆளில்லை. சென்ற பெரும்போகத்தில் விதைத்த பச்சைப்பெருமாளில் முதற்பிட்டை அவித்து, அதில் ஒரு குழலை அக்கரைப்பற்றுக்குக் கொண்டுசென்றோம். ராத்தா இப்போது படுக்கையில். ஒரு விள்ளல் வாயிலிட்டு, மா சற்று அதிகமாக வறுபட்டுவிட்டதென்றார்.